மோட்டார் சைக்கிள் பழகிய கதை



ஐம்பத்துநான்கு வயதில் ஒருவன் புதிதாக ஏதேனும் கற்கத் தொடங்கினால் அயலவர் அதனை இருவிதமாக நோக்குவர். சங்கீதமோ சமஸ்கிருதமோ கற்கப் புகுந்தால், 'அதிபர் ஓய்வுக்கு ஆயத்தமாகிறார்' என்று மகிழ்வர். மோட்டார் சைக்கிள் கற்கப் புகுந்தாலோ, வீட்டுக்காரியிடம் வந்து இரகசியமாக விசாரிப்பர். என் மனைவியிடம் அவ்வாறு விசாரித்தவர் எழுவர். அவர்களுள் இருவர் என் சொந்தச் சகோதரிகள்.

காரணம் கேட்டவர்களுக்கு நான் இலகுவான விடையொன்றை வைத்திருந்தேன். என் பாடசாலை பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து கிறவல் வீதியால் நான்கு கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. பேருந்து காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை. முப்பது ஆண்டுகளாகத் துவிச்சக்கர வண்டி மிதித்த முழங்கால்கள் இப்பொழுது விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டன. இவை யாவும் உண்மையே. ஆயின் முழு உண்மை அன்று.

அதற்கு முந்திய ஆண்டில் என் மாணவன் ஒருவன் இறந்தான். உயர்தரப் பரீட்சையின் கடைசி வினாத்தாளை எழுதி முடித்து ஒன்பது நாட்கள். தமையனுடைய மோட்டார் சைக்கிளில் கடைக்குப் புறப்பட்டவன், தார் வீதி வளையும் இடத்திலுள்ள மதகிலே மோதினான். எதிரே வேறு வாகனம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. அனுமதிப்பத்திரம் அவனிடம் இல்லை. தலைக்கவசம் இருந்தது, பக்கக் கண்ணாடியிலே தொங்கிக்கொண்டு. மரணவீட்டில் அவன் தாய் என்னைக் கண்டதும், "சேர், நீங்கள் சொன்னால் கேக்கிற பிள்ளையல்லோ, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்று அழுதாள். குற்றஞ்சாட்டும் நோக்கம் அவளுக்கு இருக்கவில்லை. துயரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

நான் சொல்லாமல் இருந்தவன் அல்லேன். தவணை முடிவுதோறும் காலைக் கூட்டத்தில், 'வீதியிற் கவனமாகச் செல்லுங்கள்' என்று கூறியே வந்திருக்கிறேன். அன்றிரவு அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கவனம் என்றால் என்ன? எந்தக் கையினால் எதைப் பிடிப்பது, எந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பது, கண் எங்கே நோக்குவது? எனக்கு ஒன்றுமே தெரியாது. வரலாறும் தமிழும் படித்துப் பட்டம் பெற்ற நான், தெரியாத பாடமொன்றை இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வந்திருக்கிறேன் என்பது அப்பொழுதுதான் உறைத்தது. கணக்கு ஆசிரியர் ஒருவர் 'கணக்கைக் கவனமாகச் செய்யுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்பை விட்டுப் போனால் நான் சும்மா இருப்பேனா?

எங்கள் பகுதியில் இளைஞர் ஒருவர் புதியவர்களுக்கென இரண்டு நாட் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறார் என்று அறிந்து, அவரிடம் சென்று பெயரைப் பதிந்தேன். எட்டிப் பார்த்தால் அவர் என் பழைய மாணவர். வரலாற்றுப் பாடத்தில் ஒரு தடவை நான் அவருக்கு இருபத்தொரு புள்ளி வழங்கியதை அவர் மறக்கவில்லை; நானும் மறக்கவில்லை. இலண்டனில் நான்கு ஆண்டுகள் உணவுப் பொதி கொண்டு செல்லும் வேலை பார்த்தவர். பிரித்தானியாவில் 1990ஆம் ஆண்டு முதல், புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் வீதிக்கு வருமுன் கட்டாய அடிப்படைப் பயிற்சி ஒன்றைப் பெறவேண்டும். அதில் ஐந்து பகுதிகள் உள. முதல் மூன்றும் வீதிக்குப் புறம்பான இடத்தில் நிகழ்வன. நான்காவது, வீதி பற்றிய விளக்கம். ஐந்தாவது, பயிற்றுநருடன் குறைந்தது இரண்டு மணிநேரம் வீதியிலே ஓட்டுவது. அம்முறையையே தம்மால் இயன்ற அளவு இங்கே பின்பற்றுவதாக அவர் கூறினார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு விளையாட்டு மைதானத்தில் எண்மர் கூடினோம். மற்ற எழுவருடைய வயதையும் கூட்டினால் என் வயதைப் போல மூன்று மடங்கு வரலாம். அவர்களுள் இருவர் பெண்பிள்ளைகள், தாதியர் பயிற்சியில் உள்ளவர்கள். முதல் இரண்டு மணிநேரம் எவரும் இயந்திரத்தை இயக்கவில்லை. வண்டியைத் தள்ளினோம். இடப்பக்கம் நின்று தள்ளினோம், வலப்பக்கம் நின்று தள்ளினோம், சரிந்து விழுந்த வண்டியை முதுகு வலியாமல் நிமிர்த்தினோம். ரயரில் காற்று, சங்கிலியின் தளர்வு, பிறேக்கின் விளக்கு, ஹோண் ஆகியவற்றை நோக்கினோம். இளைஞர்களுக்கு இது சலிப்பாக இருந்தது. எனக்கோ பேருவகை, ஏனெனில் இந்த அளவில் நின்றுவிட்டால் மானம் காக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது கிளச். இடக்கையால் அழுத்திப் பிடித்த அந்த நெம்பை மெல்ல மெல்ல விடும்போது, ஓரிடத்தில் வண்டி உயிர் பெற்று முன்னே செல்ல எத்தனிக்கும். அந்த இடத்தை விரல்கள் அறியவேண்டும். அறிவு அறிந்து பயனில்லை. நான் பதினொரு தடவை இயந்திரத்தை நிறுத்தினேன். பன்னிரண்டாவது தடவை வண்டி துள்ளியது, நான் புல்லிலே இருந்தேன். "சேர், கையைப் பார்க்காதேங்கோ, கை தானாப் படிக்கும்" என்றார் பயிற்றுநர். எழுத்தறியாப் பிள்ளைக்கு மணலிலே விரல் பிடித்து எழுதுவித்த திண்ணைப்பள்ளி ஆசிரியர் எனக்கு நினைவுக்கு வந்தார். அவரும் இதையேதான் சொன்னார்.

பார்வை பற்றிய பாடம் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. மைதானத்தில் எட்டு என்னும் இலக்கத்தின் வடிவில் ஓடவேண்டும். சாரதிப் பரீட்சையிலும் இது கேட்கப்படுகிறது. நான் முன் சில்லையே நோக்கிக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு முறையும் அடையாளத்துக்கு வைத்த தண்ணீர்ப் போத்தலின் மேல் ஏறினேன். "போத்தலைப் பார்த்தால் போத்தலுக்குத்தான் போவியள், சேர். போகவேண்டிய இடத்தைப் பாருங்கோ" என்றார். கழுத்தைத் திருப்பி, வட்டத்தின் மறு பக்கத்தை நோக்கினேன். வண்டி ஒருவரும் சொல்லாமலே வளைந்தது. மனிதன் எதனை அஞ்சி உற்று நோக்குகிறானோ அதனிடமே அவன் கை வண்டியைக் கொண்டு செல்லும். குழியைக் கண்டு குழியிலேயே விழுபவன் குருடன் அல்லன். குழியை மட்டும் பார்த்தவன்.

வேகத்திற் செல்லும்போது இடப்பக்கம் திரும்ப வேண்டுமாயின், கைபிடியின் இடப்பக்கத்தை முன்னே அழுத்தவேண்டும் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. அப்படி அழுத்தினால் முன் சில்லு வலப்பக்கமல்லவா திரும்பும்? திரும்பும்தான், ஒரு கணம். அக்கணத்தில் வண்டி இடப்பக்கம் சரிகிறது; சரிந்த பின்னரே வளைகிறது. எங்கள் பௌதிகவியல் ஆசிரியரிடம் கேட்டேன்; கரும்பலகை நிறையப் படம் கீறி அது சரியே என்று நிறுவினார். விமானம் கண்ட ரைட் சகோதரர் முன்னர் துவிச்சக்கர வண்டிக் கடை நடத்தியவர்கள். அவர்களுள் மூத்தவரான வில்பர், தாம் கண்ட பலரிடம் 'நீர் இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்?' என்று வினவினாராம். முதலில் வலப்பக்கம் சற்றே திருப்புகிறோம் என்பதை அவர்களில் எவரும் உணர்ந்திருக்கவில்லை. முப்பது ஆண்டுகள் துவிச்சக்கர வண்டி ஓட்டிய நானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே.

பிற்பகலில் பிறேக் பாடம். இதனைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

எங்கள் ஊர்களில் வழிவழியாக வரும் உபதேசம் ஒன்று உண்டு: 'முன் பிறேக்கைத் தொடாதே, கவிழ்த்துவிடும்.' நானும் அதனை நம்பியவன். பயிற்றுநர் நிலத்தில் ஒரு கோடு கீறினார். ஒரே வேகத்தில் வந்து, அக்கோட்டில் முதலிற் பின் பிறேக்கை மட்டும் மிதித்து நின்றார். பின்னர் முன் பிறேக்கை மட்டும் படிப்படியாக அழுத்தி நின்றார். மூன்றாவது தடவை இரண்டையும் சேர்த்துப் பிரயோகித்தார். நின்ற இடங்களை நாங்கள் காலடியால் அளந்தோம். பின் பிறேக்கினால் மட்டும் நிற்க எடுத்த தூரம், இரண்டையும் சேர்த்தபோது எடுத்த தூரத்தின் இரு மடங்குக்கு மேல் இருந்தது. காரணம் எளிது. வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்னே சாய்கிறது. முன் சில்லு நிலத்தில் நன்கு அழுந்துகிறது. பின் சில்லு இலேசாகிறது. இலேசான சில்லைப் பலமாக மிதித்தால் அது சுழல்வதை நிறுத்திவிட்டு வழுக்கத் தொடங்கும். வழுக்கும் சில்லு வளைவில் நிற்காது. முன் பிறேக்கைத் திடீரெனப் பறித்துப் பிடித்தால் விழுவோம் என்பதும் உண்மை. பழத்தைப் பிழிவதுபோல வரவர அழுத்தவேண்டும். வளைவுக்குள் நுழைந்த பின் அன்று, நுழையுமுன்னே, வண்டி நிமிர்ந்து நிற்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடவேண்டும்.

அவர் பின் பிறேக்கை மிதித்த இடத்தில், மைதானத்தின் ஓரத்துச் சீமெந்துத் தரையில், கரிய கோடொன்று படிந்திருந்தது. நான் அதனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தகைய கோடொன்றை முன்னர் கண்டிருக்கிறேன். மரணவீடு முடிந்த மறுநாள் அந்த வளைவுக்குச் சென்றபோது, தார் வீதியில் நீண்ட ஒரு கோடு. வீதி வளைய, கோடு வளையாமல் நேரே மதகை நோக்கிப் போனது. அன்று அது எனக்கு வெறுங் கோடு. மைதானத்தில் நின்றபோதுதான் அதனை வாசிக்க முடிந்தது. என்ன நிகழ்ந்தது என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் அப்பிள்ளை வளைவுக்குள் வந்த பின் பயந்திருக்கிறான். முன் பிறேக்கைத் தொடாதே என்ற உபதேசத்தைக் கடைப்பிடித்திருக்கிறான். கண் மதகிலே நின்றிருக்கிறது. அவன் கவனமில்லாதவன் அல்லன். யாரோ சொல்லிக்கொடுத்ததைக் கவனமாகவே செய்திருக்கிறான்.

அன்று அதற்கு மேல் என்னால் ஓட்ட இயலவில்லை. தலையிடி என்று சொல்லிவிட்டு வீடு சென்றேன்.

மறுநாட் காலையில் தலைக்கவசம் பற்றிப் பேசப்பட்டது. இலக்கியம் பயின்ற நேயர்கள், அரேபியப் பாலைவனத்திற் போரிட்ட ரி. ஈ. லோரன்ஸ் என்னும் ஆங்கிலேயரை அறிவர். அவர் மோட்டார் சைக்கிளில் பெருவிருப்புடையவர். 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி, தமது வீட்டுக்கு அண்மையில், துவிச்சக்கர வண்டியில் வந்த இரு சிறுவர்மீது மோதாமல் விலக முயன்று வீழ்ந்தார். தலையில் அடி. ஆறு நாட்களின் பின் இறந்தார். அவரைப் பார்வையிட்ட வைத்தியருள் ஒருவர் ஹியூ கெயான்ஸ் என்பவர். ஆஸ்திரேலியாவிற் பிறந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். அந்த மரணத்தின் பின் அவர் மோட்டார் சைக்கிள் விபத்துக்களில் ஏற்படும் தலைக்காயங்களை ஆராயலானார். 1941இல் அவர் வெளியிட்ட கட்டுரை, செய்தி கொண்டு செல்லும் இராணுவ வீரர்கள் தலைக்கவசம் அணிவதற்கு வழிவகுத்தது. பிரித்தானியாவில் யாவருக்கும் அது சட்டமானது 1973இல்தான். ஓர் உண்மை வைத்தியருக்குத் தெரிவதற்கும் சட்டத்துக்குத் தெரிவதற்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள்!

தலைக்கவசத்தின் உள்ளே, துணிக்கும் வெளி ஓட்டுக்கும் இடையில், நாம் 'ரெஜிபோம்' என்று வழங்கும் நுரைப்பொருள் இருக்கிறது. அது நசுங்குவதற்காகவே வைக்கப்பட்டது. மண்டை நசுங்கவேண்டிய இடத்தில் அது நசுங்கி அடியை ஏற்கிறது. ஒருமுறை நசுங்கியது மீள எழாது. ஆகவே பலமாக அடிபட்ட கவசம், வெளியே கீறலின்றி இருப்பினும், பயனற்றது. நாடிப்பட்டி பூட்டாத கவசம் தலை நிலத்தைத் தொடுமுன்னே பறந்துவிடும். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கி 2008இல் வெளிவந்த அறிக்கையொன்று, தலைக்கவசம் அணிந்தவர்கள் இறக்கும் அபாயம் நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயம் அடையும் அபாயம் நூற்றுக்கு 69 பங்கும் குறைகிறது என்று கண்டது. பொலிசார் நிற்கும் சந்திக்கு நூறு யார் முன்னே கவசத்தை எடுத்து அணிந்து, சந்தி கடந்ததும் முழங்கையில் மாட்டிக்கொள்ளும் நம்மவர்கள், தண்டப்பணத்திலிருந்து தலையைக் காக்கிறார்கள் போலும்.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேட் என்பவர், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நிகழ்ந்த இடத்திலேயே சென்று ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டார். விபத்துக்குள்ளானோரில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பரிடமோ ஓட்டப் பழகியவர்கள். இதனைக் கேட்டதும் எங்கள் ஊர்த் தமையன்மார் யாவரும் என் மனக்கண்ணில் வரிசையாக வந்தார்கள். தமையன் தம்பிக்குப் பழக்குவது பத்து நிமிடம்; அந்தப் பத்து நிமிடத்தில் எப்படி ஓடுவது என்பது உண்டு, எப்படி நிற்பது என்பது இல்லை.

அதே அறிக்கை, வேறு வாகனத்துடன் மோதிய விபத்துக்களில் பெரும்பாலானவற்றில் மற்றச் சாரதி மோட்டார் சைக்கிளைக் காணவேயில்லை, அல்லது கண்டபோது காலம் கடந்துவிட்டது என்றும் கூறுகிறது. எதிரே வரும் கார் எமக்குக் குறுக்கே திரும்பும் சந்தியே ஆபத்தான இடம். அங்கே அது இடப்பக்கத் திருப்பம். வீதியின் இடப்பக்கத்தால் ஓட்டும் நமக்கு வலப்பக்கத் திருப்பம். ஆகவே சந்தியை அணுகும்போது, 'அவன் என்னைக் காணவில்லை' என்றே கொள்ளவேண்டும் என்றார் பயிற்றுநர். பகலிலும் முன் விளக்கை எரியவிடலாம். வெளிறிய நிறச் சட்டை அணியலாம். சாரதியின் முகத்தை நோக்கலாம். வேகத்தையும் கையில் வைத்திருக்கவேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவன் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் கடக்கிறான். ஆபத்தைக் கண்டு கை பிறேக்கைத் தொடுமுன்னே ஒரு வகுப்பறையின் நீளத்துக்கு மேல் ஓடிவிடுகிறான். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் இரு மடங்காவதில்லை; நான்கு மடங்கை நெருங்குகிறது.

அதன்பின் 'எல்' எழுத்துப் பலகையைக் கட்டிக்கொண்டு வீதிக்கு வந்தோம். பயிற்றுநர் பின்னால் வந்தார். மைதானம் எழுத்துப் பயிற்சி என்றால் வீதி கட்டுரைப் பயிற்சி. சிறுபோக அறுவடைக் காலம். வீதியின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல்மணி சில்லின் கீழே சிறு உருளைகளாக மாறும். அதன்மேற் செல்லநேர்ந்தால் வளைக்கவும் கூடாது, பிறேக் பிடிக்கவும் கூடாது. முன்னரே வேகத்தைக் குறைத்து நேரே செல்லவேண்டும். பசு கடந்து போனால் கன்று பின்னே வரும் என்று எதிர்பார்க்கவேண்டும். உழவு இயந்திரப் பெட்டிக்கு மாலையில் விளக்கிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முன்னே செல்லும் வாகனம் ஒரு கம்பத்தைக் கடந்ததும் 'ஓராயிரத்து ஒன்று, ஓராயிரத்து இரண்டு' என்று எண்ணி முடிக்குமுன் நாம் அக்கம்பத்தை அடைந்தால் மிக அண்மையிற் செல்கிறோம் என்பது பொருள். மழையில் நான்குவரை எண்ணவேண்டும். நெடுநாள் வெயிலின் பின் பெய்யும் முதல் மழையே மிக வழுக்கும் மழை. வீதியில் ஊறிய எண்ணெயும் தூசியும் அப்பொழுதுதான் மேலே வரும். திரும்புமுன் கண்ணாடியைப் பார்த்தாற் போதாது. தோளுக்கு மேலாகவும் ஒருமுறை பார்க்கவேண்டும். நான் அதனை இருமுறை மறந்தேன். இரண்டாம் முறை மறந்தபோது, என் பின்னால் வந்த முச்சக்கர வண்டிக்காரர் என் வயதுக்குரிய மரியாதையை முற்றாக நீக்கிவிட்டுச் சில சொற்கள் சொன்னார். அவர் சொன்னது நியாயமே.

பயிற்சி ஒன்றே உயிரைக் காக்கும் என்று நான் கூற வரவில்லை. இத்தகைய பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளை 2010இல் தொகுத்து நோக்கியவர்கள், அவை விபத்தைக் குறைக்கின்றன என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றே எழுதினார்கள். இதனை நான் பயிற்றுநரிடம் சொன்னபோது அவர் வருந்தவில்லை. "உண்மைதான் சேர். ரெண்டு நாள் படிச்சிட்டு எல்லாம் தெரியும் எண்டு போறவன், படியாதவனைவிட வேகமாப் போவான்" என்றார். இருபத்தொரு புள்ளி வாங்கியவரிடம் இத்தனை விவேகம் இருந்ததை அன்று நான் கண்டுகொள்ளவில்லை.

அனுமதிப்பத்திரம் கிடைத்து இரண்டு மாதங்களின் பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டுக்குச் சென்றேன். தாய் என் தலைக்கவசத்தைக் கண்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தேநீர் கொண்டு வந்தாள். தமையன் முற்றத்தில் நின்றான். அவனும் என் மாணவனே. தம்பிக்குப் பழக்கியவன் அவன்தான். சிறிது நேரத்தின் பின், "சேர், அவன் என்ன பிழை விட்டவன்?" என்று கேட்டான். ஒரு வருடமாக யாரிடமும் கேளாத கேள்வி என்பது குரலில் தெரிந்தது.

கோட்டைப் பற்றிச் சொல்வதா, விடுவதா என்று வழி முழுவதும் எண்ணிக்கொண்டே வந்திருந்தேன். அவன் கேட்டபின் ஒளிக்க மனம் வரவில்லை. "முன் பிறேக்கைப் பிடிக்கப் பயந்திருக்கிறான், தம்பி. உனக்கும் அப்படித்தானே சொல்லித் தந்தார்கள்?" என்றேன். "ஓம் சேர்," என்றான், "அப்பா அப்பிடித்தான் சொல்லித் தந்தவர்." "நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்" என்றேன். நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

அந்த மோட்டார் சைக்கிள் கொட்டிலில், சாக்கினால் மூடப்பட்டு நின்றது. முன் பக்கம் திருத்தப்பட்டிருந்தது. அதன்பின் யாரும் ஓட்டவில்லை. இரண்டு சில்லிலும் காற்றில்லை. அடுத்த பயிற்சி எப்பொழுது என்று கேட்டான். வருகிற சனிக்கிழமை என்றேன். அவன் சாக்கை இழுத்து மடித்து வைத்தான். அவன் கைபிடியைப் பிடிக்க, நான் பின்னே நின்று தள்ள, இருவருமாக அதனைச் சந்தியிலுள்ள சைக்கிள் கடைவரை கொண்டு சென்றோம்.